அருங்காட்சியகமும் நம் குழந்தைகளும்

சென்னையில் பிறந்து வளர்ந்த நம் முந்தைய தலைமுறையினர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் வழங்கி வந்தனர். கேலிபோல் ஒலித்தாலும் இப்பெயர்களின் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1851-இல் தொடங்கப்பெற்ற அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பை முதலில் ஏற்ற எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர், உயிருள்ள விலங்குகள் சிலவற்றையும் அங்கே வைத்தார். மக்கள் திரண்டு வந்தனர். அவ்விலங்குகளே பெருகி, 1855-இல் சென்னை மிருகக்காட்சி சாலைக்கு வித்தாயின. பின்னர் அவை வேறிடம் பெயர்ந்தன; கல்லும் செம்பும் எலும்பும் எழும்பூரிலேயே தங்கின. காட்சிப் பொருள் தம்மோடு பேசாவிடின் மக்கள் அதனைச் செத்ததாகவே கொள்வர் என்பதை அப்பழைய பெயர் இன்றும் நமக்கு நினைவூட்டுகிறது.

பிழைப்பின் பொருட்டுத் தலைநகர் வந்து சேர்ந்த நம்மனோர்க்கு அருங்காட்சியகம் பொழுதுபோக்கிடம் மட்டுமன்று. இங்கே பிறந்த நம் குழந்தைகள் சோழ நாட்டை ஆண்டுக்கொரு முறை, விடுமுறையில், இரயில் வண்டியின் சன்னல் வழியே காண்பவர்கள். ஆயினும் சோழ நாட்டின் ஒரு பகுதி ஜன்பத் சாலையிலேயே இருக்கிறது. 1949-இல் குடியரசுத் தலைவர் மாளிகையில் தொடங்கி, 1960-இல் இன்றைய கட்டடத்திற்கு வந்த தேசிய அருங்காட்சியகத்தில் நம் செப்புத் திருமேனிகள் பல உள்ளன. அதன் முதல் இயக்குநர் கிரேஸ் மார்லி என்னும் அமெரிக்கப் பெண்மணி. பின்னர் அப்பொறுப்பை வகித்த சி. சிவராமமூர்த்தி நம்மவர்; நடராச வடிவத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1974-இல் வெளிவந்தது.

ஒரு குளிர்கால ஞாயிறன்று தமிழ் வகுப்புக் குழந்தைகள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு நாம் அங்கே சென்றோம். புதுக்கோட்டைப் பகுதியின் திருவரங்குளத்திலிருந்து வந்த நடராசர் திருமுன் நின்றோம். தில்லைக் கூத்தனைப்போல் இடக்காலை உயரத் தூக்கி வீசாமல், முழங்கால்கள் இரண்டையும் மடித்தாடும் சதுர தாண்டவ வடிவம் அது. நாம் தாண்டவ வகைகளை விளக்கிக்கொண்டிருக்க, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கண்ணோ அடுத்திருந்த திருமேனியின் பீடத்தையே நோக்கிக் கொண்டிருந்தது.

"மாமா, கீழே இந்த ஓட்டை எல்லாம் எதுக்கு?"

திருவிழாக் காலத்தில் அத்துளைகளிலும் வளையங்களிலும் கழிகளைக் கோத்துக் கட்டிச் சுவாமியைத் தோளில் சுமந்து வீதியுலா செல்வார்கள் என்றோம். மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. கோயிலுக்கு வர இயலாத முதியோரையும் நோயாளரையும் தேடிச் செல்பவர் உற்சவரே என்றும் சொன்னோம். அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள்.

"அப்போ இப்ப மட்டும் ஏன் யாரையும் பார்க்கப் போறதில்லை?"

விடை சொல்ல நமக்குச் சிறிது பொழுதாயிற்று. களவுக்கும் சிதைவுக்கும் அஞ்சிக் காக்கவேண்டிய பொருள் அது என்பது ஒரு விடை. ஆயினும், பொருள் வெளிச்செல்ல இயலாவிடினும் அதன் அறிவு வெளிச்செல்லலாம் அன்றோ? அவ்வழியை நம் நாட்டு அருங்காட்சியகங்கள் சில முன்னரே கண்டறிந்துள்ளன. கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-இலேயே அறிவியல் காட்சிகளைப் பேருந்தில் ஏற்றி ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. பொத்தானை அழுத்தியும் கைப்பிடியைச் சுழற்றியும் குழந்தை தானே கற்கும் முறை, நாடெங்கும் எழுந்த அறிவியல் மையங்கள் வழியே பரவியது. 1922-இல் திறக்கப்பெற்ற பம்பாய் அருங்காட்சியகம் 2015-இல் தானும் ஒரு பேருந்தை அனுப்பியது. 2019-இல் குழந்தைகளுக்கென்றே தனிக் கட்டடம் ஒன்றையும் திறந்தது. இவையெல்லாம் ஒருவகை வீதியுலாவே. பழைய உலாக்கள் எல்லாத் தெருக்களுக்கும் சென்றதில்லை என்பதும் வரலாறு. புதிய உலாவேனும் அக்குறை தீர்த்தல் வேண்டும்.

தேசிய அருங்காட்சியகமே 2015-இல் 'அனுபவ்' என்னும் கூடத்தைத் திறந்தது. பார்வையற்றோர் விரலால் தடவி அறியும் வண்ணம் புகழ்பெற்ற பொருள்களின் படிவங்கள், பிரெயில் எழுத்து விளக்கத்துடன் அங்கே வைக்கப்பெற்றன. 'தொடாதே' என்பதே முதல் விதியாக இருந்த இடத்தில் 'தொட்டுப் பார்' என்னும் அழைப்பு எழுந்தது சிறிய மாற்றம் அன்று.

அச்சிறுமியின் வினா நம்மை விடவில்லை. அவ்வாண்டுப் பொங்கல் விழாவில் சங்கத்தின் சிறிய கூடத்தில் நாமே ஒரு காட்சி அமைத்தோம். பரண்மேல் கிடந்தவற்றையெல்லாம் குடும்பங்கள் கொண்டுவந்து குவித்தன. மரக்கால், படி, உழக்கு, ஆழாக்கு. பல்லாங்குழி, அரிவாள்மணை, திருகைக்கல், பனையோலை விசிறி, ஓர் ஓலைச்சுவடிக் கட்டு. சுவடி ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தொடலாம், எடுக்கலாம், ஆடலாம் என்பதே விதி. குழந்தைகள் அரிசியை அளந்து, உழக்குக்கு இரண்டு ஆழாக்கு என்றும் படிக்கு எட்டு ஆழாக்கு என்றும் தாமே கண்டனர். கீழடிப் பானையோடுகளில் 'ஆதன்' முதலான பெயர்கள் கீறப்பட்டிருத்தலைச் சொல்லி, ஆளுக்கொரு மண்சட்டியும் ஆணியும் கொடுத்தோம். தமிழ் எழுதத் தயங்கும் பிள்ளைகளும் தத்தம் பெயரைத் தமிழில் கீறிவிட்டே எழுந்தனர்.

அன்று நாம் எதிர்பாராதது வேறொன்று. மகன் வீட்டில் மூன்று ஆண்டுகளாக இருந்துவரும் மூதாட்டியார் ஒருவர் சுவரோரம் அமர்ந்திருந்தார். பேரப்பிள்ளைகளின் இந்தி அவருக்கு விளங்காது. அவருடைய நெல்லைத் தமிழ் அவர்களுக்குப் பிடிபடாது. பல்லாங்குழியின் முன் விழித்த பேரனைக் கண்டு அவர் எழுந்து வந்தார். "அப்பிடி இல்லல, இங்கன இருந்து அள்ளு" என்று சோழியை அள்ளிப் போட்டுக் காட்டினார். அரை மணிக்குள் அவரைச் சுற்றிப் பத்துக் குழந்தைகள். விளக்கு அணைக்கும் வரையில் அவர் எழவில்லை, பேரனும் எழவில்லை.

அரும்பொருள்களை அரசு காக்கும். அவற்றின் பெயரையும் பயனையும் சொல்லித் தரும் கடமை நம்முடையது. வாசகக் குடும்பங்கள் அடுத்த விடுமுறையில் சிவகங்கை மாவட்டத்துக் கீழடிக்குச் செல்லுதல் நன்று. 2023-இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. செல்லுமுன், தத்தம் வீட்டுப் பரணையும் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டுகிறோம். இறக்கும்போது பாட்டியையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள்.