எல்லை என்னும் ஒரு சொல்

தமிழாசிரியர் ஒருவர் விழா மலரிற் பொருளியற் கணிதம் பற்றி எழுதப் புகுவது பழைய மாணவ நண்பர்களுக்கு நகைப்பை விளைத்தல் கூடும். யாம் பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றது தமிழுக்கே, கணிதத்துக்கன்று. ஆயினும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றிற் பணிபுரியும் எம்மை அத்துறையின் வாயிலிற் கொண்டு நிறுத்தியது, முன்னர் எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் இடுக்கண்.

பெலிஹுல்ஓயாவில் 1996 முதல் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இயங்கிவருதலால், பட்டப்படிப்பு என்பது எம் மாவட்டத்துப் பிள்ளைகளின் கண்ணுக்கெட்டாத பொருளன்று. இடையூறு வேறிடத்துள்ளது. சாதாரண தரக் கணிதத்தில் நுண்கணிதம் இல்லை. கலைப்பிரிவிற் சேர்வோர் பலர் அதன்பின் கணிதத்தையே காண்பதில்லை. பல்கலைக்கழகத்திற் பொருளியலைத் தெரிந்ததும் சார்பு, பெறுதி, தாயம், இலக்ராஞ்சியின் பெருக்கி என யாவும் ஒருங்கே, அதுவும் ஆங்கிலத்தில், எதிர்வருகின்றன.

“சேர், பொருளியல விட்டுட்டு வேற பாடம் எடுக்கலாம்னு இருக்கேன்” என்றாள் கொழுந்தெடுப்பவரின் மகளாகிய அம்மாணவி. குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னோம்.

அதிற் கண்ட இரு ஆங்கிலச் சொற்களுக்கும் இலங்கைத் தமிழில் ‘எல்லை’ என்பதே பெயர். ஒரு மதிப்பை நெருங்குங்காற் சார்பு சென்றணையும் இடமும் எல்லை. இறுதியாகச் சேர்ந்த ஓரலகு தரும் வருமானமும் எல்லை வருமானம். தமிழகத்தார் பின்னதை ‘இறுதிநிலை’ என்பர். எமது வழக்கே நன்றென்பது எம் கருத்து. அதனாலன்றோ வழி திறந்தது!

தாயின் நாட்கூலியை வரைபடமாக வரையச் சொன்னோம். 2021 இல் விதிக்கப்பட்ட 1,000 ரூபாவைக் கொண்டு கணித்தோம்; பின்னர் அது உயர்ந்துள்ளது. பேர் விழ 18 கிலோ வேண்டும், குறைந்தால் அரைப்பேர், மேலதிகக் கிலோவுக்கு 40 ரூபா எனக் கொண்டாள். கோடு 500 இற் படுத்துக்கிடந்து, 18 இல் 1,000 க்குத் துள்ளி, அப்பால் மெல்லச் சாய்ந்தேறியது. இடப்புற எல்லை 500. வலப்புற எல்லை 1,000. அங்கே பெறுதி இல்லை. பாடநூலின் வழுவழுப்பான வளைகோடு மலையில் இல்லை என்பதை அவளே கண்டாள்.

மடுவத்திற் சாக்குக்கும் ஈரத்துக்குமென ஒரு கிலோ கழிப்பதுண்டு. 25 கிலோ எடுத்தவருக்கு அது 40 ரூபா நட்டம். சரியாக 18 எடுத்தவருக்கோ 500 ரூபா! ஒரே கிலோ, ஒரே தராசு. “அந்த ஒரு கிலோவுக்குத்தான் அம்மா மழையிலயும் மலைய விட்டு இறங்க மாட்டாங்க” என்றாள். நெடுநேரம் வரைபடத்தையே பார்த்திருந்தாள்.

கேள்வியை விலையின் சார்பாக எழுதி நுண்கணிதத்தைப் பொருளியலிற் புகுத்திய கூர்னோ என்னும் பிரெஞ்சுக்காரரின் நூல் 1838 இல் வெளிவந்தது. பல ஆண்டுகள் அதனைச் சீந்துவாரில்லை. பொருளியல் அறிஞரே அஞ்சிய கணிதத்துக்குத் தோட்டத்துப் பிள்ளை அஞ்சியதில் வியப்பென்ன?

அவள் பொருளியலை விடவில்லை. அவ்வினாத்தாளிற் சித்தியும் எய்தினாள். இப்பொழுது தாயங்களிற் புகுந்து, லியொன்ரிவ் வகுத்த உள்ளீட்டு வெளியீட்டு அட்டவணையிற் பசளையையும் மின்சாரத்தையும் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். கொழுந்தெடுப்போர் உழைப்பை எந்த நிரையில் இடுவதென்று சென்ற வாரம் எழுதிக் கேட்டிருந்தாள். விரிவுரையாளரிடம் கேட்டு எமக்கும் அறிவிக்குமாறு மறுமொழி விடுத்துள்ளோம்.