ஒரு கையெழுத்தின் விலை

கையெழுத்துக்கு விலை உண்டா? உண்டு என்கிறார்கள் அமெரிக்கர்கள்.

கல்லூரி நூலகத்தில் ஓர் ஆங்கில விளையாட்டு இதழைப் புரட்டியபோது இதை அறிந்தேன். அங்கே பேஸ்பால் ஆட்டத்தின் மீது தீராத மோகம். பழைய வீரர்கள் அணிந்த சட்டை, பிடித்த மட்டை, கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள் என்று தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் பலர். 1919 டிசம்பரில் பேப் ரூத் என்ற வீரரைப் பாஸ்டன் அணி நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 1,00,000 டாலருக்கு விற்றது. அந்த விற்பனை ஒப்பந்தத்தின் பிரதியொன்று 2005-இல் 9,96,000 டாலருக்கு ஏலம் போயிற்று. ஆளுக்குக் கொடுத்ததைப் போல் ஏறக்குறையப் பத்து மடங்கு தாளுக்கு! பணம் மிகுந்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிச் சிரித்தேன்.

அடுத்த பக்கத்தில் ஜோ ஜாக்சனின் கதை இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

தென் கரோலினாவைச் சேர்ந்த ஜாக்சன், பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் பஞ்சாலைக்குப் போனவர். எழுதப் படிக்கத் தெரியாது. ரசிகர்கள் கேட்டால் பெரும்பாலும் மனைவிதான் அவர் பெயரை எழுதிக் கொடுப்பார். அவரே போட்ட கையெழுத்துகள் மிகச் சில. ஆகவேதான் அவற்றுக்கு அத்தனை மதிப்பு. அவர் கையெழுத்திட்ட 1911-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று 2021-இல் 14 லட்சம் டாலருக்கும் மேல் விலை போயிற்று.

ஆனால் அதே கையெழுத்து அவருக்கு என்ன தந்தது? 1920-இல் மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றில் ஒப்பமிட்டார். பத்து நாள் முன்னறிவிப்பில் விலக்கலாம் என்ற விதியை நீக்கிவிட்டதாகச் சொன்னதை நம்பியே ஒப்பமிட்டதாகப் பின்னாளில் சாட்சி சொன்னார். விதியோ தாளிலேயே இருந்தது. சூதாடிகளிடம் பணம் பெற்றதாக எழுந்த வழக்கில் 1921-இல் விடுதலையானார். இருந்தும் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். சம்பளப் பாக்கிக்காக அவர் தொடுத்த வழக்கில் 1924-இல் ஜூரிகள் அவர் பக்கம் நின்றனர். நீதிபதி அதை ஏற்கவில்லை. 1951-இல் மறைந்தார்.

நண்பர்களே, என் தாத்தாவும் படிக்கத் தெரியாமல் ஒரு கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர். அரை ஏக்கர் நிலம் போயிற்று. என் அப்பா, நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது என்னிடம் கையெழுத்துப் போடக் கற்றார். கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் ஒவ்வோர் எழுத்தாக அவர் எழுதி முடிக்கும்வரை பின்னால் வரிசை காத்திருந்தது. நான் வெட்கித் தலை குனிந்தேன். இன்று வெட்கப்படுவது அந்த வெட்கத்துக்காக.

சென்ற வாரம் என் நோட்டை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா" என்றேன்.

"என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா, வெறுந்தாள்."

"வெறுந்தாள்ல போடக்கூடாதுடா" என்று திருப்பித் தந்துவிட்டார்.

அதனால்தான் இதை எழுதினேன். படித்துக் காட்டப் போகிறேன். கேட்ட பிறகு இதன் அடியில் அவர் கையெழுத்திடுவார். அதை எந்த ஏலத்துக்கும் தரமாட்டேன்.