'ஒண்ணுக்கு வந்தா அடக்காதே கண்ணு!'

அந்தக் குழந்தைக்கு நாலரை வயது. ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. முதல் இரண்டு முறையும் ஆன்டிபயாடிக் சிரப்பில் சரியாகி, மறுபடியும் வந்துவிட்டது.

இந்த முறை வேறொரு குழந்தைகள்நல மருத்துவரிடம் அழைத்துப் போனார் அம்மா. "யூரின் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதுவரை யாரும் எடுக்கச் சொன்னதில்லை.

கல்ச்சர் பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று உறுதியானது. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் லேசான வீக்கம். தொற்று குணமான பிறகு எம்.சி.யு எடுத்தார்கள். மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பையில் மருந்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுக்கும் பரிசோதனை அது. மகள் அழுததைப் பார்த்து அம்மாவும் அழுதுவிட்டார்.

இடது பக்கம் ரிஃப்ளக்ஸ், மூன்றாம் நிலை என்று வந்தது.

மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். "பைக்கு வந்த யூரின் திரும்ப மேல ஏறக் கூடாது. அதைத் தடுக்க வால்வு மாதிரி ஒரு அமைப்பு இருக்கு. இவளுக்கு அது சரியா மூடலை. யூரினோட கிருமியும் மேல ஏறுது. அடிக்கடி இப்படித் தொற்று வந்தா சிறுநீரகத்துல தழும்பு விழலாம்."

"ஆபரேஷன் பண்ணணுமா டாக்டர்?"

"இப்போ வேண்டாம்மா. மொத்தம் அஞ்சு நிலை. இந்த அளவுல இருக்கிற நிறைய குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாயிடும். அதுவரைக்கும் தொற்று வராம பார்த்துக்கணும்."

தினமும் இரவில் குறைந்த அளவு ஆன்டிபயாடிக். அந்தப் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டும். நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும். மலச்சிக்கல் கூடவே கூடாது. மலம் தேங்கினால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாது.

வீட்டில் எல்லாம் நடந்தது. ஆனால், பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் மட்டும் தினமும் நிறைந்தே திரும்பி வந்தது.

"ஏன்டா குடிக்கலை?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா. பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லை. மிஸ்கிட்ட கேட்டா இன்டர்வெல்ல போன்னு சொல்வாங்க."

உள்ளாடை ஈரமாக வந்த நாள்களில் 'இவ்ளோ பெரிய பொண்ணு!' என்று திட்டியதெல்லாம் அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது. அன்றிரவு அவர் தூங்கவில்லை.

"பொம்பளப் புள்ள விஷயம், வெளிய சொல்லாத" என்று தடுத்தார் பாட்டி. "சொல்லாம இருந்தாதான் அத்தை ஆபத்து" என்றார் அம்மா. மறுநாளே மருத்துவரின் கடிதத்தோடு வகுப்பு ஆசிரியையைப் பார்த்தார். ஆயாம்மா குறிப்பிட்ட நேரத்தில் குழந்தையை அழைத்துப்போய், கதவருகே நிற்பது என்று முடிவானது. அடுத்த வாரமே கழிவறைக்குத் தாழ்ப்பாளும் வந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு காய்ச்சல். இந்த முறை சிரப் பாட்டிலைத் தேடவில்லை அம்மா. அன்றைக்கே யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்டார். தொற்று இல்லை, சாதாரண சளிக்காய்ச்சல்தான்.

ரிஃப்ளக்ஸ் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. இரவு மருந்தும், மருத்துவர் சொல்லும் நாளில் பரிசோதனையும் தொடர்கின்றன. ஆனால், மாலையில் பள்ளி வேன் நின்றதும் அம்மா முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தண்ணீர் பாட்டிலைத்தான்.

இப்போதெல்லாம் அது காலியாக வருகிறது.