வாஷிங்டனில் குடை ராட்டினம்

ராட்டினம் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? கோயில் திருவிழாவில், பஞ்சு மிட்டாய்க்காரனுக்கும் வளையல் கடைக்கும் நடுவே, நான்கு மரக் குதிரைகளைத் தொங்கவிட்டு ஒரு மனிதன் கையாலேயே தள்ளிச் சுற்றுவானே, அதுதானே? எனக்கும் அதுதான்.

2019-ஆம் வருஷக் கோடையில் அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பத்திரிகை ஆபீசில் ஒரு மாத லீவு கேட்டபோது, "போய் வாருங்கள். ஆனால் வெள்ளை மாளிகையைப் பற்றி மட்டும் எழுதிவிடாதீர்கள், எல்லாரும் எழுதியாயிற்று" என்றார் ஆசிரியர். திரும்பி வந்து வெள்ளை மாளிகையைப் பற்றியும் எழுதவில்லை, வேறெதைப் பற்றியும் எழுதவில்லை. அதற்குக் காரணம் உண்டு. போகப் போகச் சொல்கிறேன்.

அக்கா இருப்பது வாஷிங்டனை ஒட்டினாற்போல் மேரிலாந்து மாநிலத்தில். அமெரிக்கா என்றால் குளிர் என்று அம்மா மூன்று ஸ்வெட்டர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஜூலை மாத வாஷிங்டன் நம் சென்னையின் கூடப் பிறந்த தங்கை என்பது விமான நிலையத்து வாசலுக்கு வந்ததுமே தெரிந்துவிட்டது. அதே புழுக்கம், அதே வியர்வை! பள்ளிக்கூடங்களுக்கு ஏறக்குறைய இரண்டரை மாதம் விடுமுறை. ஏழு வயதுப் பெண்ணையும் நாலு வயதுப் பையனையும் வீட்டுக்குள் வைத்து மேய்ப்பதென்றால் சாமானியமா? அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சனிக்கிழமைக்கு ஒரு ராட்டினம். அந்த ஊரைச் சுற்றி அத்தனை ராட்டினங்கள் இருக்கின்றன! அத்தான் இதற்கு 'சனிக்கிழமை விரதம்' என்று பெயர் வைத்திருந்தார். விரதம் என்று பேரே தவிர, புளியோதரை, தயிர் சாதம், வறுவல் எல்லாம் காரின் பின்னால் உண்டு.

முதல் சனிக்கிழமை க்ளென் எக்கோ என்ற இடத்துக்குப் போனோம். பொடோமாக் ஆற்றங்கரையில், மரங்கள் அடர்ந்த பழைய பூங்கா. அதன் நடுவே வட்டமான மண்டபம். அதற்குள்தான் ராட்டினம்.

அதை எப்படி வர்ணிப்பேன்? தேர்ச் சிற்பம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த மாதிரி வேலைப்பாடு, அதற்கு மேல் வர்ணம். பிலடெல்பியா நகரத்தில் டென்ட்ஸெல் என்ற ஜெர்மானியக் குடும்பத்தார் நடத்திய பட்டறையில் 1921-இல் செய்தது. மொத்தம் 52 பிராணிகள். குதிரைகள் மட்டும் 40. மீதியில் நான்கு முயல், நான்கு தீக்கோழி, ஒரு சிங்கம், ஒரு புலி, ஒரு மான், ஒரு ஒட்டகச்சிவிங்கி. ஏறி உட்காரத் தெம்பில்லாதவர்களுக்கு இரண்டு ரதங்கள். ஒரு பக்கத்தில் குழல்களும் மத்தளமுமாக ஒரு பெரிய வாத்தியப் பெட்டி, ஆள் இல்லாமல் தானே வாசிக்கிறது. நம் ஊர் பாண்டு வாத்தியக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தாலும் அத்தனை சத்தம் போட முடியாது.

அக்காவின் பெண் தீக்கோழி மேல் ஏறிக்கொண்டாள். பையனுக்கு முயல். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு ரதத்தில் கம்பீரமாக உட்கார்ந்தாள். மணி அடித்தது, ராட்டினம் நகர்ந்தது. நகர்ந்ததுதான் தாமதம், "என்னடி இது! அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறதே!" என்று கூவினாள் அம்மா.

வாஸ்தவம்தான். அமெரிக்க ராட்டினங்கள் இடப்புறமாகத்தான் சுற்றும். வெளியில் நிற்பவர்களுக்குக் குதிரையின் வலது பக்கம்தான் தெரியும். ஆகையால் அந்தப் பக்கத்தில்தான் சேணத்தின் பூ வேலையும் பிடரிமயிரின் சுருளும் பிரமாதமாக இருக்கும். உள்பக்கம் சுமார்தான். கல்யாண வீட்டில் முன் ஹாலுக்கு மட்டும் தோரணம் கட்டுவதில்லையா, அதுபோல.

இரண்டு சுற்று முடிந்து புளியோதரைக்கு உட்கார்ந்தபோது, பூங்காவின் சரித்திரத்தைச் சொல்லும் படங்கள் கண்ணில் பட்டன. தொழில் புத்தி சும்மா விடுமா? எழுந்து போய்ப் படித்தேன்.

இதே ராட்டினத்தில் 1960 வரை கறுப்பினக் குழந்தைகள் ஏறக் கூடாது. பூங்காவுக்குள் வரவே கூடாது. அந்த வருஷம் ஜூன் 30-ஆம் தேதி, வாஷிங்டனின் ஹோவர்ட் சர்வகலாசாலை மாணவர்கள் சிலர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் குதிரைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக ராட்டினம் சுற்றவில்லை. இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. ஐந்து பேரைக் கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தண்டனை 1964-இல்தான் ரத்தாயிற்று. ஆனால் பூங்கா அதற்கு முன்பே பணிந்துவிட்டது. அந்தக் கோடை முழுவதும் வாசலில் மறியல் நடந்தது. பக்கத்துக் குடியிருப்பான பானக்பர்னிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்களும் வந்து மாணவர்களோடு சேர்ந்துகொண்டன. 1961-இல் எல்லாருக்கும் கதவு திறந்தது.

பிறகு 1968-உடன் பூங்காவின் வியாபாரம் படுத்துவிட்டது. ராட்டினத்தையும் விற்றுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் 80,000 டாலர் வசூல் செய்து அதைத் திரும்ப வாங்கினார்களாம். அதன் மேல் அப்பியிருந்த வர்ணத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி, அடியில் இருந்த பழைய ஓவியத்தை வெளியே கொண்டுவர இருபது வருஷம் பிடித்திருக்கிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். புளியோதரை இறங்கவில்லை.

எனக்கு எட்டு வயது. 1994. கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் கிராமத்துக்குப் போயிருந்தேன். பாட்டி வீட்டு வயலில் வேலை செய்தவரின் பெண் ஒருத்தி, எனக்குச் சரி வயது. விடுமுறை முழுவதும் அவளும் நானும்தான் ஜோடி. மாங்காய் பொறுக்குவது, பாண்டி விளையாடுவது எல்லாம் கொல்லைப்புறத்தில்தான்; முன்வாசல் வழியாக அவள் வந்து நான் பார்த்ததில்லை. அது ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. திருவிழாவுக்குக் குதிரை ராட்டினம் வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு ரூபாய். பாட்டி என்னை ஏற்றிவிட்டாள். அவளும் ஏற வந்தாள். ராட்டினக்காரன் பாட்டியின் முகத்தைப் பார்த்தான். பாட்டி அதட்டக்கூட இல்லை. என் காலிலிருந்து புதுச் செருப்பைக் கழற்றி, "இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லு" என்று அவள் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

ஒவ்வொரு சுற்றிலும் அவள் வந்தாள், போனாள். செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் கையாட்டினேன். ஆமாம், கையாட்டினேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை வருஷம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை காரில் இதை அக்காவிடம் மெல்லச் சொன்னேன். பின் சீட்டில் அம்மா தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். "என் கையிலே காசு இருந்தது" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "ஒரு ரூபாய்தானே? எடுத்துக் கொடுத்திருக்கலாம். மாமியார் முகத்தைப் பார்த்தேன். பேசாமல் இருந்துட்டேன்."

இருபத்தைந்து வருஷமாக அம்மாவும் இதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நகரத்தின் நடுவிலேயே உள்ள ராட்டினத்துக்குப் போனோம். நீண்ட பெரிய புல்வெளி. அதன் மேற்குக் கோடியில் லிங்கன் நினைவகம். பொருட்காட்சி சாலைகளின் பக்கமாக நீலமும் மஞ்சளுமாக இந்த ராட்டினம் நின்றது. 1947-இல் செய்தது. முதலில் பால்டிமோருக்கு வெளியே க்வின் ஓக் என்ற பூங்காவில் இருந்தது. அங்கேயும் அதே கதைதான். பாதிரிமார்கள் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் கைதான பிறகு, 1963 ஆகஸ்டு 28-ஆம் தேதி எல்லாரையும் உள்ளே விட்டார்கள். அன்றைக்கு வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடியிருக்க, மார்ட்டின் லூதர் கிங் பேசிக்கொண்டிருந்தார். அங்கே ஷாரன் லாங்க்லி என்ற கறுப்பினக் குழந்தை, ஒரு வயதுகூட நிறையாதவள், அப்பா பிடித்துக்கொள்ள ராட்டினக் குதிரையில் உட்கார்ந்தாள். 1981-இல் ராட்டினம் வாஷிங்டனுக்கு வந்தது. ஷாரனின் பெயரைத் தாங்கிய குதிரை ஒன்று அதில் உண்டு. (2023-இல் பழுதுபார்ப்பதற்காக ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் ஏறியது அதற்கு முன்பு.)

அக்காவின் பெண்ணுக்கு அந்தக் குதிரைதான் வேண்டும். ஆனால் வேறு ஒரு சிறுமி முந்திக்கொண்டாள். இவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில், "சித்தி, உங்க ஃப்ரெண்டு அப்புறமாவது ஏறினாளா?" என்று கேட்டாள். காரில் தூங்காமல் இருந்தது அம்மா மட்டும் இல்லை போலிருக்கிறது. "தெரியலையே, கண்ணு" என்றேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா எங்கெங்கோ விசாரித்து ஒரு டெலிபோன் நம்பர் வாங்கிக் கொடுத்தாள். அதைப் பல வருஷம் கைப்பையிலேயே வைத்திருந்தேன். போன மாதம்தான் பேசினேன். அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் கல்லூரியில் படிக்கிறான். அவள் என்னை "நீங்க" என்றாள். நானும் "நீங்க" என்றேன். எட்டு வயதில் எங்களுக்குள் 'நீ'தான்.

சுற்றி வளைத்துக் கடைசியில் ராட்டினத்துக்கு வந்தேன். அவள் சற்று நேரம் பேசவில்லை.

"ராட்டினம் ஞாபகம் இல்லீங்க. அந்தச் செருப்பு ஞாபகம் இருக்கு. சிவப்பு. என் கையிலே இருக்கறப்பவே ஒரு வார் அறுந்துபோச்சு. நான்தான் அறுத்துட்டேன்னு பாட்டியம்மா நினைச்சுக்குவாங்களோன்னு, நீங்க இறங்கற வரைக்கும் அதைக் கையாலே மூடிக்கிட்டே நின்னேன்."

வார் அறுந்தது எனக்கு ஞாபகமே இல்லை.