தம்பிக்கு, கிளட்ச் பைப் மாற்றிய விவரம்

முடிச்சூர்,
மேற்குத் தாம்பரம்.

அன்புள்ள குமாருக்கு,

அக்கா எழுதுவது. நீ எதிர்பார்க்கிற சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றதைப் படிக்க மாட்டாய். நம் ஹெரால்டு வண்டி ஓடுகிறது. கிளட்ச் பைப் மாற்றியாகிவிட்டது. பெடல் கால் வைத்த இடத்தில் நிற்கிறது. நேற்று சாயங்காலம் உன் மாமா பெருங்களத்தூர் வரைக்கும் ஓட்டிப்போய்விட்டு வந்து, பெரிய ரேஸில் ஜெயித்தவர் மாதிரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ எங்கே பேச விடுகிறாய்? பாதியில் "மீட்டிங் இருக்குக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

கிளட்ச் போன அன்றைக்கு நான்தான் ஓட்டினேன். ஜி.எஸ்.டி. ரோடு இப்போது நீ பார்த்த ரோடு இல்லை. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்த பிறகு வெளியூர் பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம்தான். வண்டலூர் தாண்டி முதல் கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கிறேன், என் காலுக்குக் கீழேயே பெடல் மெல்ல மெல்ல இறங்கித் தரையோடு படுத்துவிட்டது. வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆனது. முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் நம் பானெட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. இஞ்சின் நின்றுவிட்டதால் கியரை நியூட்ரலுக்குத் தள்ள முடிந்தது. ஒரு ஆட்டோக்காரரும் இரண்டு காலேஜ் பையன்களும் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அதில் ஒரு பையன், "ஆன்ட்டி, இது என்ன கார், இம்போர்ட்டடா?" என்றான். இந்த ஊரிலேயே செய்தது தம்பி என்றேன். அவன் நம்பவே இல்லை. பக்கத்திலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் ஃபேக்டரி இருந்தது, 1961லிருந்து அங்கே ஹெரால்டு செய்தார்கள், கெஸல் செய்தார்கள், கடைசியாக ஸ்டாண்டர்ட் 2000 செய்து 1988 வாக்கில் நிறுத்தினார்கள் என்றெல்லாம் அவனிடம் எங்கே சொல்வது? அப்பா ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த ரோடு அது. வண்டியை எடுத்துப்போக ஆள் வரும்வரை அங்கே நின்றுகொண்டிருந்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது, அதை விடு.

பாயை உனக்குத் தெரியும், குரோம்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து நம் வண்டியைப் பார்க்கிறவர். பானெட்டை முழுசாக முன்பக்கம் சாய்த்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். மாஸ்டர் சிலிண்டரில் சொட்டு ஆயில் இல்லை. அதிலிருந்து கீழே இறங்குகிற இரும்புப் பைப் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்திருக்கிற கிளிப்பைக் கழற்றினதும் உள்ளே பார்க்கவேண்டுமே! காய்ந்த களிமண். அதன் அடியில் பைப் பொரிந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. பாய் மண்ணை விரலில் எடுத்துக் காட்டி, "இது 2015 மண்ணும்மா" என்றார். அந்த டிசம்பரில் அடையாறு வந்து முடிச்சூரை முழுங்கினபோது வண்டி சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றது. நீயும் சர்வீஸ் செய்தாய், சீட் மாற்றினாய், பெயிண்ட் அடித்தாய். கிளிப்புக்கு அடியில் யார் பார்ப்பார்கள்? அப்புறம் 2023 மிக்ஜாம் புயலில் இன்னொரு முறை.

சீட்டை எடுத்து, கியர் பாக்ஸ் மேல் இருக்கிற மூடியைக் கழற்றினால் ஸ்லேவ் சிலிண்டர் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிறது. நல்ல வண்டிடா அது, பழுது பார்க்கிறவனை நினைத்துச் செய்திருக்கிறார்கள். அங்கே இருந்த ரப்பர் ஹோஸ் ஊறிப் பருத்துப் போயிருந்தது. ஆகவே பைப், ஹோஸ், இரண்டு சிலிண்டருக்கும் ரப்பர் கிட், எல்லாமே மாற்றச் சொல்லிவிட்டேன். புதுப் பைப்பை மட்டும் போட்டால் பழைய ரப்பர் அடுத்த மாதம் தகராறு பண்ணும் என்றார் பாய்.

நீ கவென்ட்ரியிலிருந்து அனுப்பிய, ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கான ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் அளவாகப் பொருந்தியது. உனக்கு இனி தலைகால் புரியாது, தெரியும். சின்ன வயசிலிருந்து "இது ஸ்போர்ட்ஸ் கார்தான்" என்று நீ அடம் பிடித்ததற்கு இது ஒரு சாட்சி. 1962ல் வந்த ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான், இரண்டையும் வரைந்தவர் மிக்கலோட்டி என்கிற அதே இத்தாலிக்காரர்தான். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இரும்புப் பைப் இங்கேதான் செய்தோம். முதலில் வேறொரு கடைக்காரர் இந்தக் காலத்துக் கார் பைப்பின் நட்டைக் கொடுத்துவிட்டார். பாய் பழையதையும் புதியதையும் உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நம்முடையது பழைய அங்குல மரை, எட்டில் மூன்று. அது பத்து மில்லிமீட்டர் மரை. கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டு சுற்று ஏறுகிற மாதிரி ஏறும், முறுக்கினால் மரை போய்விடும், மாஸ்டர் சிலிண்டரே வீண். அப்புறம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடிச் சரியான நட் வாங்கிவந்து, நட்டை முதலில் கோத்துவிட்டுத்தான் பைப்பின் வாயை விரித்தார். வாயை விரித்த பிறகு நட் ஏறாதாம்.

ஏர் எடுக்க என்னைத்தான் பெடலில் உட்காரவைத்தார். "மிதிங்க... புடிங்க... விடாதீங்க." அவர் நிப்பிளைத் திறப்பார், கண்ணாடி ட்யூபில் குமிழி குமிழியாக வரும், மூடுவார், "இப்ப விடுங்க". நடுவில் மேலே டப்பாவில் ஆயில் குறைந்துவிட்டால் மறுபடி காற்று புகுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதனால் உன் மாமாவை டப்பாவுக்குக் காவல் வைத்தோம். வெளியே வந்த பழைய ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. என் முட்டி இரண்டு நாள் வலித்தது. தைலச் செலவும் உன் கணக்குதான்.

இப்போது கவனமாகப் படி. கிளட்சில் ஊற்றுகிற அந்த பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தால் 155க்கே கொதித்துவிடலாம். கிளட்சில் இருந்த அதே வயசு ஆயில்தான் பிரேக்கிலும் இருந்தது. அதே வெள்ளம், அதே களிமண். இந்த வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன், ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் எல்லாம் போச்சு. கிளட்ச் போனால் வண்டி நின்றுவிடும், பிரேக் போனால் நிற்காது. அதனால் உன்னைக் கேட்காமலே பிரேக் பைப், ஹோஸ் அத்தனையும் மாற்றிவிட்டேன். பில்லை அனுப்புகிறேன், வாயைத் திறக்காமல் பணம் போடு. இனி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். எவனாவது "இஞ்சின் ஆயில் ஊத்துங்க, ஓடும்" என்றால் வண்டியைத் தொட விடாதே, ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

உன் மருமகள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வண்டியில் மேடவாக்கம் ஆபீஸுக்குப் போகிறேன் என்கிறாள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அப்பா இருந்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்பார், அதுவும் தெரியும்.

ஒரு வழிதான் இருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். நம்முடையது 1966. ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்கவேண்டும், தினம் ஓட்டக்கூடாது, கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல், ரிப்பேர், இதற்குத்தான் ரோட்டுக்கு வரலாம். பெண் ஆபீஸுக்கு எடுத்துப்போகிற பேச்சும் முடியும், மேற்கூரையை வெட்டி ஸ்பிட்ஃபயர் ஆக்குகிறேன் என்கிற உன் கனவும் முடியும். எனக்கு இரண்டும் சம்மதம்.

ஆர்.சி. உன் பேரில் இருக்கிறது, நான் கையெழுத்துப் போட முடியாது. இந்த மாதக் கடைசியில் இன்ஷூரன்ஸும் முடிகிறது. ஃபாரம் 20ல் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பு. முடிந்தால் பொங்கலுக்கு நீயே வந்து போடு.

அன்புடன்,
அக்கா