முதல் சுற்று கையால்தான்

வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற டாடா 1210 மாதிரிப் பழைய லாரியை எழுப்ப வருகிறவர்கள் முதலில் கேட்பது பேட்டரியைத்தான். கடைசியில் கேட்க வேண்டியது அது என்பது என் கட்சி. ஓடித் தேய்ந்த இன்ஜின் புகையிலும் சத்தத்திலும் தன் கோளாறைக் காட்டிவிடும். நின்று கெட்ட இன்ஜின் எதையும் காட்டாது. முதல் ஸ்டார்ட்டில்தான் விஷயம் வெளியே வரும். அதற்குள் சேதம் நடந்திருக்கும்.

டீசல் இன்ஜினின் அழுத்தமே இதற்குக் காரணம். 900 மில்லி கொள்ளும் சிலிண்டரில், 17-க்கு 1 என்ற அழுத்த விகிதத்தில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 60 மில்லிகூட இல்லை. சைலன்சர் வழியாக இறங்கிய மழைநீரோ, கேஸ்கெட்டில் கசிந்த ரேடியேட்டர் தண்ணீரோ அதற்கு மேல் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். அதனால் நாசில்கள் அத்தனையையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இளகின ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கிராங்க்கைக் கையால் சுற்ற வேண்டும். தண்ணீர் இருந்தால் நாசில் ஓட்டை வழியே பீறிட்டு வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கை இறுகினால், லைனரில் துரு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் சேம்பர் போல்ட்டைத் திறக்கும்போது ஆயிலுக்கு முன் தண்ணீர் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது டீசல் பம்ப். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளி. பழைய டீசல் அதில் பிசினாக இறுகிக்கொள்ளும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால், ஸ்டார்ட் ஆன இன்ஜின் கட்டுமீறி வேகமெடுக்கும்; ஸ்டாப் வயரை இழுத்தும் பயனில்லை, காற்று வரும் வாயை அடைத்து நிறுத்த வேண்டியிருக்கும். பக்கமூடியைக் கழற்றி ரேக்கைத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். பிறகு டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரையும் சகதியையும் இறக்கி, ஃபில்டரை மாற்றி, ஸ்டாப்பை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் லாக் எடுத்து ஸ்டார்ட் பண்ணுவது அதற்கப்புறம்.

டோ கட்டி இழுத்தே எத்தனையோ வண்டிகள் ஓடியிருக்கின்றன என்பார்கள். உண்மைதான். அந்த வண்டிகளின் சிலிண்டரில் தண்ணீர் இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது, இழுப்பது சரியான முறை என்பதை அல்ல. சிக்கிய இன்ஜினில் செல்ஃப் மோட்டாராவது திணறி நின்றுவிட வாய்ப்புண்டு. இழுக்கும்போது லாரியின் எடை முழுவதும் கிராங்க்கைத் திருப்புகிறது. நிறுத்தும்போது நன்றாகத்தானே ஓடியது என்பது இன்னொரு வாதம். அது நிறுத்திய நாளுக்கான சான்று மட்டும். துருவும் கசிவும் அதற்குப் பிறகு வந்தவை. செலவு என்றால், நாசில் கழற்றிச் சுற்றுவது பெரும்பாலும் கைக்கூலிதான். ராடு வளைந்தால் ஹெட்டும் சேம்பரும் இறங்க வேண்டும், கிடைக்காத பாகங்களைத் தேடி அலைய வேண்டும். பொறுமை இங்கே சிக்கனமும்கூட. பிரேக் ரப்பர்களையும் டயர்களையும் பார்த்து முடிக்காமல், நன்றாக ஓடுகிற இன்ஜினை நம்பி அந்த லாரியைச் சாலையில் இறக்கவும் கூடாது.