மூக்கில் பிறந்த மீசை

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. ஒருநாள் பெயிண்ட் ஷாப்பில் தின்னர் கேன் ஒன்று மூடாமல் கிடந்தது. நாலடி தள்ளி நின்ற எனக்கே நெடி தாங்கவில்லை. கேனை ஒட்டி நின்ற பையன் சாவகாசமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "சின்ன வயசுலேர்ந்தே எனக்கு வாசனை தெரியாதுண்ணே" என்றான். இருபத்து மூன்று வயது. மேலுதட்டில் பூனைமுடிகூட இல்லை, குரலும் உடையவில்லை. ஹார்மோன் டாக்டரிடம் போய்வந்து சீட்டைக் காட்டினான். அதில் 'கால்மன்' என்று இருந்தது.

மூக்குக்கும் மீசைக்கும் என்ன சம்பந்தம்? படிக்க ஆரம்பித்தேன்.

ஃபிரான்ஸ் கால்மன் 1944இல் மூன்று குடும்பங்களை ஆராய்ந்து, பருவமடையாமையும் வாசனை தெரியாமையும் சேர்ந்தே பரம்பரையாக வருவதைக் காட்டியவர். ஆனால் 1856லேயே ஸ்பெயினில் மாயெஸ்த்ரே தெ சான் ஹுவான் என்ற மருத்துவர், ஓர் ஆணின் சடலத்தை அறுத்துப் பார்த்தபோது விதைகள் சிறுத்திருந்ததையும் மூளையில் வாசனை நரம்புப் பகுதி இல்லாததையும் எழுதிவைத்திருக்கிறார். இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் விடை இல்லை. எல்லோரும் மூளைக்குள்ளேயே தேடினார்கள் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பருவமடைவதைத் தொடங்கிவைக்கும் ஹார்மோனின் பெயர் ஜிஎன்ஆர்எச். பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரடு. அதன் அமைப்பை 1971இல் ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கீமன் குழுக்கள் கண்டுபிடித்தன. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஹார்மோன் தெரிந்ததும், அதைச் சுரக்கும் நரம்பணுக்களுக்கு மட்டும் சாயம் ஏற்றிப் பார்க்க முடிந்தது.

1989இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் சுண்டெலிக் கருக்களை நாள்வாரியாகச் சீவிப் பார்த்தன. பதினோராம் நாள் வாக்கில் அந்த அணுக்கள் மூளையிலேயே இல்லை. மூக்காக மாறப்போகும் இடத்தில் இருந்தன. பிறகு மூக்கிலிருந்து மூளைக்கு நீளும் நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து, மூக்குக்கும் மூளைக்கும் நடுவே சல்லடை எலும்பு உருவாகும் இடத்தைத் தாண்டி, பதினாறாம் நாள் வாக்கில் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியை அடைந்திருந்தன. கொடியில் எறும்பு ஏறுகிற மாதிரிதான்: கொடி அறுந்தால் எறும்பு நின்றுவிடும்.

அறுந்த கொடியும் அதே ஆண்டில் கிடைத்தது. மார்லின் ஷ்வான்செல்-ஃபுகுடா குழுவினர் கால்மன் குறைபாடுள்ள 19 வார மனிதக் கரு ஒன்றை ஆராய்ந்தார்கள். மூளைக்குள் ஜிஎன்ஆர்எச் அணு ஒன்றுகூட இல்லை. எல்லாம் மூக்கிலும், சல்லடை எலும்பின் மேற்புறத்திலும், மூளைக்கு வெளியே இருக்கும் உறைகளுக்குள்ளும் சிக்குண்டு கிடந்தன. அணுக்கள் பிறந்திருக்கின்றன, ஹார்மோனும் சுரந்திருக்கின்றன. வாசல்வரை வந்து நின்றுவிட்டன. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் கால்மன் வகைக்குக் காரணமான மரபணு 1991இல் அடையாளம் காணப்பட்டது. வாசனை நரம்பு ஒழுங்காக வளர அது தரும் புரதம் வேண்டும்.

இங்கே பக்கத்தில் யாராவது கருவின் மூளையை இப்படிப் பார்க்கிறார்களா என்று தேடினேன். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற கருச்சிசு மூளை வரைபடத்தை வெளியிட்டது. ஐந்து மூளைகள், அணு அணுவாகப் பார்க்கக்கூடிய 5,132 சீவல்கள், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மருத்துவ உதவி செய்தவை மெடிஸ்கேன் நிறுவனமும், எங்கள் கம்பெனி பஸ் தினமும் தாண்டிவரும் தண்டலம் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும்!

ஆனால் அதில் மிக இளைய மூளைக்கே 14 வாரம். அதற்குள் ஜிஎன்ஆர்எச் அணுக்களின் பயணத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும். பயணத்தின் நடுவழியை 2016இல் பிரான்சின் லீல் நகரக் குழு பார்த்தது. மனிதக் கருக்களைக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவச் செய்து அணுக்களை எண்ணினார்கள். சுமார் 10,000 இருந்தன. ஹைப்போதாலமஸுக்குப் போனவை ஏறத்தாழ 2,000தான். மீதி எட்டாயிரமும் மூளையின் வேறு பகுதிகளில் குடியேறியிருந்தன. பருவமடைதலுக்கு இந்த இரண்டாயிரம் போதுமென்றால், அந்த எட்டாயிரத்துக்கு அங்கே என்ன வேலை என்பதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.